ரெடிஸுக்குக் கடவுச்சொல் போட்டாச்சு, பிறகென்ன என்று கேட்பவர்களுக்கு

போன மாதம் எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் பெடியன் ஒருவனிடம் ரெடிஸ் (தரவை நினைவகத்தில் வைத்து வேகமாக எடுத்துத்தரும் தரவுத்தளம்) இணைப்பைப் பாதுகாப்பாக மாற்றிவிட்டாயா என்று கேட்டேன். "ஓம் அண்ணா, பாஸ்வேர்ட் போட்டாச்சு" என்றான். அடுத்த கிழமை வேறோர் இடத்தில் வேலை செய்யும் நண்பர், இந்தத் துறையில் பத்து வருடத்துக்கு மேல் இருப்பவர், அதே கேள்விக்கு "டிஎல்எஸ் போட்டிருக்கிறம், சான்றிதழ்ச் சோதனையை மட்டும் நிப்பாட்டி வைச்சிருக்கிறம், அது சும்மா பிழை காட்டிக்கொண்டிருந்தது" என்றார். இரண்டு பேருமே கவனமான ஆட்கள்தான். ஆனால் இரண்டு பேருடைய தரவும் வழியில் நிற்கும் மூன்றாம் ஆளின் கைக்குப் போகக்கூடிய நிலையில்தான் கிடந்தது.

"பாதுகாப்பான இணைப்பு" என்ற சொல்லை நாங்கள் மிகத் தாராளமாகப் பாவிக்கிறோம். அதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. கதவைத் தட்டுபவர் யார்? நாங்கள் கதைப்பது வெளியே கேட்கிறதா? எதிரில் இருந்து பதில் சொல்வது உண்மையில் நாங்கள் நினைக்கும் ஆள்தானா? கடவுச்சொல் முதலாவது கேள்விக்கு மட்டும்தான் பதில். நண்பர் போட்ட டிஎல்எஸ், அதாவது கதைப்பதை மற்றவர்களுக்குக் கேட்காமல் மறைக்கும் முறை, அவர் வைத்திருந்த விதத்தில் இரண்டாவதற்கு மட்டும் பதில். மூன்றாவதை அநேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறோம், அதை விட்டால் மற்ற இரண்டும் கூட நிற்காது. இதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. நிரல் எழுதத் தொடங்கியிருப்பவர்களுக்குப் புரிந்தால் போதும் என்று எழுதுகிறேன்.

கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் சாமான்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் ஒரு பலசரக்குக் கடையைப் பாருங்கள். சீனி, மா, பருப்பு, தேயிலை எல்லாம் முதலாளியின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எப்போதாவது யாராவது கேட்கும் சாமான் பின்னால் ஸ்டோருக்குள் கிடக்கும், அதை எடுக்க ஒரு ஆள் எழும்பிப் போகவேண்டும். வழக்கமான தரவுத்தளம் அந்த ஸ்டோர் மாதிரி, தரவு வட்டில் இருக்கும். கைக்கெட்டும் தட்டுத்தான் இன்-மெமரி தரவுத்தளம், அதாவது தரவை வட்டில் தேடாமல் கணினியின் நினைவகத்திலேயே வைத்திருந்து உடனே எடுத்துக்கொடுப்பது. நினைவகத்தில் ஒரு தகவலைத் தொட ஏறத்தாழ 100 நானோ வினாடிதான் எடுக்கும். எஸ்எஸ்டி வட்டுக்கூட அதைவிடப் பல நூறு மடங்கு மெதுவானது.

இந்த வகையில் அதிகம் பாவிக்கப்படுவது ரெடிஸ். இத்தாலிக்காரரான சல்வத்தோரே சான்ஃபிலிப்போ 2009இல் வெளியிட்டது. 2024இல் அதன் உரிமத்தை மாற்றியபோது ஒரு பகுதியினர் பிரிந்து, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வால்கீ என்ற பெயரில் அதன் கிளையொன்றைக் கொண்டுபோகிறார்கள். இந்தக் கட்டுரையில் சொல்லும் அமைப்புகள் இரண்டுக்கும் பொருந்தும்.

"அது வெறும் கேஷ்தானே அண்ணா, அதைத் திருடி என்ன செய்வது" என்று கேட்பார்கள். கேஷ் என்றால் திரும்பத் திரும்பத் தேவைப்படும் தரவின் தற்காலிகப் பிரதி. சரி, உங்கள் கேஷுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள். பயனர் பெயர், தொலைபேசி இலக்கம், சற்றுமுன் அனுப்பிய ஓடிபி எல்லாம் இருக்கும், அவற்றோடு அமர்வுக் குறியீடும் இருக்கும். ஒருவர் உள்நுழைந்த பிறகு அவரை அடையாளம் காண சர்வர் கொடுக்கும் நீண்ட எழுத்துச் சரம்தான் அமர்வுக் குறியீடு. அது யார் கையில் இருக்கிறதோ, சர்வரைப் பொறுத்தவரை அவர்தான் அந்தப் பயனர். கடவுச்சொல்லும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை. முதன்மைத் தரவுத்தளத்தில் கடவுச்சொற்களை ஹேஷ் செய்து, அதாவது திரும்பக் கண்டுபிடிக்கமுடியாத சரமாக மாற்றி, அவ்வளவு பத்திரமாக வைத்துவிட்டு, உள்ளே நுழைந்தவர்களின் குறியீடுகளைக் கேஷில் அப்படியே திறந்து வைத்திருக்கிறோம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கவென்று எங்கள் நாடான இலங்கையில் 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது. ஒருவருடைய பெயரும் தொலைபேசி இலக்கமும் நினைவகத்தில் இருந்தாலும் வட்டில் இருந்தாலும் அவருடைய தரவுதான்.

இரவு பஸ்ஸில் சத்தமாகக் கதைப்பது

யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இது தெரியும். வெளிச்சம் அணைந்து எல்லோரும் கண்ணை மூடிய நேரத்தில் முன் இருக்கையில் ஒருவர் தொலைபேசியில் வங்கிக்கணக்கு இலக்கத்தை ஒவ்வொரு எண்ணாகச் சொல்லுவார். மறுமுனையில் இருப்பவர் அவருடைய மனைவிதான், நம்பிக்கையான ஆள்தான். ஆனால் அந்த இலக்கம் பஸ் முழுக்கக் கேட்கிறது.

ரெடிஸ் இயல்பாகக் கதைப்பதும் இப்படித்தான். உங்கள் செயலி அனுப்பும் கட்டளைகளும் ரெடிஸ் தரும் பதில்களும் வெறும் எழுத்தாகவே வலையமைப்பில் போகின்றன. கட்டளைகளோடு கடவுச்சொல்லும் அதே வழியாகத்தான் போகிறது என்பதைப் பயிற்சிப் பெடியன் யோசிக்கவில்லை. இணைப்பைத் தொடங்கும்போது "இதுதான் என் கடவுச்சொல்" என்று செயலி பஸ்ஸில் உரத்துச் சொல்கிறது. கேட்டுக்கொண்டிருந்தவர் நாளைக்கு அதையே சொல்லிக்கொண்டு வரலாம்.

"எங்கள் சர்வர்கள் எல்லாம் ஒரே உள் வலையமைப்பில்தானே இருக்கின்றன, நடுவில் யார் இருக்கப்போகிறார்கள்?" இது நியாயமான கேள்வி. செயலியும் ரெடிஸும் ஒரே இயந்திரத்தில் இருந்தால், வெளியே எந்தக் கதவும் திறக்கவில்லை என்றால், ஒட்டுக்கேட்கும் ஆபத்து மிகக் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே நான் அதிகம் காண்பது வேறு. சர்வர் சிங்கப்பூரிலோ மும்பையிலோ இருக்கும், தரவில் ஏதோ சந்தேகம் வந்து யாழ்ப்பாணத்து அலுவலகத்தில் இருக்கும் ஒருவர் தன் மடிக்கணினியில் இருந்து நேரடியாக ரெடிஸோடு இணைவார், அல்லது வீட்டில் இருந்து, அல்லது ஒரு கஃபேயின் வைஃபையில் இருந்து. அந்த ஒரு தடவை போதும்.

ஆக இதுவரை பார்த்தது இதுதான்: ரெடிஸுக்குள் இருப்பது உண்மையான ஆட்களின் உண்மையான தரவு, கடவுச்சொல் மட்டும் போட்டால் அந்தக் கடவுச்சொல்லே வழியில் கேட்கும்.

6379 என்ற படலை திறந்து கிடந்தால்

இணைப்பைப் பூட்டுவது பற்றிக் கதைக்க முன் படலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு இலக்கமிட்ட வாசல் உண்டு, அதைப் போர்ட் என்கிறோம். ரெடிஸின் வழக்கமான போர்ட் 6379. நம்பிக்கையான ஆட்கள் மட்டுமே தொடக்கூடிய வலையமைப்புக்குள் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தில்தான் ரெடிஸ் வடிவமைக்கப்பட்டது, அதனால் தொடக்க காலத்தில் வாசலில் காவல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இணையத்துக்குத் திறந்து கிடக்கும் ஒரு ரெடிஸின் வழியாக, ரெடிஸுக்கே உரிய சாதாரணக் கட்டளைகள் சிலவற்றை மட்டும் பாவித்து, தாக்குபவர் தன் சாவியை அந்த சர்வருக்குள் எழுதி முழு இயந்திரத்தையும் பிடிக்கமுடியும் என்பதை 2015இல் சான்ஃபிலிப்போவே செய்துகாட்டினார். 2016இல் வந்த 3.2 பதிப்பில் ஒரு காப்பு முறை சேர்ந்தது: யாரும் எதையும் அமைக்காமல் விட்டால், அதே இயந்திரத்தில் இருந்து வரும் அழைப்புக்கு மட்டும் பதில் சொல்லும்.

அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், டொக்கர் (மென்பொருளைக் கொள்கலன் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓடவிடும் கருவி) பாவிப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். டொக்கரின் அதிகாரபூர்வ ரெடிஸ் இமேஜில், அதாவது கொள்கலனை உருவாக்கும் ஆயத்தப் பொதியில், அந்தக் காப்பு முறை அணைக்கப்பட்டே வருகிறது, மற்றக் கொள்கலன்கள் இணையவேண்டும் என்பதற்காக. அதோடு 6379ஐ வெளியே திறந்துவிடும் அந்தச் சிறிய வரியை, ஏதோ ஒரு பயிற்சிப் பாடத்தில் இருந்து பார்த்து எழுதினால், இயந்திரத்தின் எல்லா முகவரிகளிலும் அது திறக்கும். உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ என்ற, வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் போட்டிருக்கிறேன் என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், ஆனால் டொக்கர் தன் விதிகளை அதற்கும் கீழே போய் நேரடியாக எழுதுவதால் அந்த ஃபயர்வால் இதைத் தடுக்காது. நான் பார்த்த திறந்த ரெடிஸ்களில் அநேகமானவை இந்த வழியால்தான் திறந்தவை. அந்த வரியில் இலக்கத்துக்கு முன்னால் 127.0.0.1 (அதே இயந்திரத்தைக் குறிக்கும் முகவரி) என்று சேர்த்தால் வாசல் உள்ளே மட்டும் திறக்கும்.

கடவுச்சொல் பற்றியும் ஒன்று. ரெடிஸ் மிக வேகமானது என்பதால், இக்கால இயந்திரம் ஒன்றில் வினாடிக்கு 10 இலட்சம் கடவுச்சொற்கள் வரை முயன்று பார்க்கலாம் என்று அதன் அமைப்புக் கோப்பிலேயே எச்சரிக்கை எழுதியிருக்கிறது. ஊர்ப்பெயரும் பிறந்த வருடமும் சேர்த்து வைத்த கடவுச்சொல் அதற்கு முன் நிற்காது. மனிதர் மனப்பாடம் செய்யத் தேவையில்லாத ஒன்று என்பதால் நீண்ட, எழுந்தமான சரம் ஒன்றை இயந்திரத்தைக் கொண்டே உருவாக்கி வையுங்கள்.

டிஎல்எஸ் உண்மையில் என்ன செய்கிறது

இணையத்தில் இரண்டு இயந்திரங்கள் மற்றவர்களுக்குக் கேட்காமலும், வழியில் யாரும் மாற்றமுடியாமலும், எதிரில் யார் என்று உறுதிசெய்துகொண்டும் கதைப்பதற்கான ஒப்பந்த முறைதான் டிஎல்எஸ். நெட்ஸ்கேப் நிறுவனம் 1995இல் வெளியிட்ட எஸ்எஸ்எல்லின் வழித்தோன்றல் இது, அதனால் இன்றும் பலர் எஸ்எஸ்எல் என்றே சொல்கிறார்கள். இன்று பாவிக்கவேண்டியவை 2008இல் வந்த 1.2 பதிப்பும் 2018இல் வந்த 1.3 பதிப்பும். ரெடிஸுக்குள் இது சேர்ந்தது 2020இல் வந்த 6ஆம் பதிப்பில்தான். அதற்கு முன் எஸ்டனல் போன்ற வேறொரு மென்பொருளை முன்னால் நிறுத்திச் சமாளித்தார்கள், இணையத்தில் கிடக்கும் பழைய வழிகாட்டிகள் பல இன்னும் அதையே சொல்லிக்கொடுக்கின்றன.

புதியவர்களைக் குழப்பும் கேள்வி இதுதான்: எல்லோருக்கும் கேட்கும் பஸ்ஸில் இருந்துகொண்டே இரண்டு பேர் எப்படி ஒரு இரகசியத்தை ஏற்படுத்திக்கொள்ளமுடியும்? இரகசியத்தைச் சொன்னால்தானே மற்றவருக்குத் தெரியும், சொன்னால் எல்லோருக்கும் கேட்குமே?

எங்கள் ஊர்க் கறித்தூளை வைத்து யோசியுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. இரண்டு வீட்டார் ஒரே ருசியில் ஒரு தூள் தயாரிக்கவேண்டும், ஆனால் யாரும் தன் வீட்டு அளவை வெளியே சொல்லமாட்டார்கள். முதலில் எல்லோருக்கும் தெரிந்த அடிச்சரக்கு ஒன்றை எடுக்கிறார்கள், மல்லியும் மிளகாயும். முதல் வீட்டார் அதோடு தங்கள் இரகசியச் சரக்கைச் சேர்த்து இடித்து ஒரு பையில் கட்டுகிறார்கள், இரண்டாம் வீட்டாரும் அப்படியே. பைகளை ஒரு பெடியன் சைக்கிளில் கொண்டுபோய் மாற்றிக் கொடுக்கிறான். இப்போது ஒவ்வொரு வீட்டாரும் வந்த பையோடு தங்கள் சொந்தச் சரக்கைச் சேர்க்கிறார்கள். இரண்டு வீட்டிலும் இருப்பது அடிச்சரக்கு, முதல் வீட்டுச் சரக்கு, இரண்டாம் வீட்டுச் சரக்கு மூன்றும் கலந்த ஒரே தூள். சைக்கிள் பெடியன் இரண்டு பையையும் திறந்து பார்த்திருக்கலாம், ஆனால் இடித்த தூளில் இருந்து பெருஞ்சீரகத்தை மட்டும் திரும்பப் பிரித்தெடுக்க அவனால் முடியாது. இரண்டு பைகளையும் ஒன்றாகக் கொட்டினாலும் அடிச்சரக்கு இரட்டிப்பாகி ருசி மாறிவிடும்.

டிஎல்எஸ்ஸில் சரக்குக்குப் பதில் மிகப் பெரிய எண்கள், இடிப்பதற்குப் பதில் ஒரு பக்கம் செய்ய இலகுவான, திரும்பிச் செய்ய நடைமுறையில் முடியாத ஒரு கணக்கு. இணைப்புத் தொடங்கும்போது நடக்கும் இந்தப் பரிமாற்றத்தைக் கைகுலுக்கல் என்பார்கள். கடைசியில் இரண்டு பக்கத்திலும் ஒரே இரகசிய எண் இருக்கும். அதன் பிறகு போகும் எல்லாவற்றையும் அந்த எண்ணைச் சாவியாக வைத்து, மற்றவர்களுக்கு அர்த்தமற்ற எழுத்துக் குவியலாக மாற்றி அனுப்புவார்கள். இதுதான் மறைகுறியாக்கம். 1.3 பதிப்பில் வழக்கமாக ஒவ்வொரு புதிய கைகுலுக்கலுக்கும் புதிய சரக்கு, பழையது வீசப்படும், அதனால் இன்றைக்குப் போவதைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு பிறகொரு நாள் சர்வரின் சாவியைத் திருடினாலும் பழைய பதிவைத் திறக்கமுடியாது. எனக்கு இது இன்றுவரை வியப்பான விஷயம்.

ஆனால் அந்தப் பை எந்த வீட்டில் இருந்து வந்தது?

என் நண்பர் விட்ட ஓட்டை இங்கேதான். சைக்கிள் பெடியன் கெட்டிக்காரன் என்று வையுங்கள். அவன் பைகளை மாற்றிக் கொடுக்கவே இல்லை. முதல் வீட்டுக்குப் போய்த் தன் சொந்தத் தூளை "இது இரண்டாம் வீட்டார் தந்தது" என்று கொடுக்கிறான், இரண்டாம் வீட்டிலும் அதையே செய்கிறான். இப்போது அவனுக்கும் முதல் வீட்டாருக்கும் ஒரு இரகசியத் தூள், அவனுக்கும் இரண்டாம் வீட்டாருக்கும் இன்னொரு இரகசியத் தூள். இரண்டு வீட்டாரும் மிகவும் பத்திரமாக, மறைகுறியாக்கம் செய்து, எல்லாவற்றையும் அவனிடமே சொல்லிக்கொண்டிருப்பார்கள். வெளியில் இருந்து பார்த்தால் பூட்டு மாட்டித்தான் இருக்கும்.

இதைத் தடுக்கத்தான் சான்றிதழ். இதற்கு உவமை தேடி நான் தூரப் போகத் தேவையில்லை. வங்கியில் கணக்குத் திறக்கப் போனால் விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) வதிவிடச் சான்று வாங்கி வரச் சொல்வார்கள், அதைப் பிரதேச செயலகத்தில் கொடுத்து மேலொப்பம் வாங்கவேண்டும். வங்கிக்காரருக்கு உங்களைத் தெரியாது. உங்கள் விதானையாரையும் தெரியாது. பிரதேச செயலாளரின் முத்திரையைத் தெரியும், அதை நம்புகிறார், அதனால் உங்களை நம்புகிறார். டிஎல்எஸ் சான்றிதழும் இதே சங்கிலிதான். மேலே இருந்து கையொப்பமிடும் நம்பிக்கைக்குரிய தரப்பைச் சான்றளிப்பகம் என்போம். உலகம் முழுக்க நம்பும் சான்றளிப்பகங்கள் இருக்கின்றன, இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அவற்றில் ஒன்று. உள்ளே மட்டும் பாவிக்கும் ரெடிஸுக்கு நீங்களே ஒரு சிறிய சான்றளிப்பகத்தை உருவாக்கிக்கொள்வதிலும் தவறில்லை, உங்கள் செயலிகளுக்கு "இந்த முத்திரையை நம்பு" என்று அந்தச் சான்றளிப்பகத்தின் கோப்பைக் கொடுத்துவிட்டால் சரி.

சான்றிதழைக் கையில் வாங்கும் செயலி பார்க்கவேண்டியவை கையொப்பம், திகதி, பெயர். நம்பிக்கையான இடத்தில் இருந்து வந்ததா, காலாவதியாகாமல் இருக்கிறதா, நான் தேடி வந்த முகவரியும் இதில் எழுதியிருக்கும் முகவரியும் ஒன்றுதானா. கடைசியானதை விட்டுவிட்டால், அதே சான்றளிப்பகத்தில் வேறு யாரோ தன் பெயருக்கு வாங்கிய சான்றிதழைக் காட்டியும் உள்ளே வரலாம். உங்கள் அடையாள அட்டையில் படம் பொருந்துகிறதா என்று பார்க்காமல், அட்டை உண்மையானது என்பதை மட்டும் பார்த்து விடுவது மாதிரி.

சான்றிதழ் எல்லோருக்கும் காட்டும் தாள்தானே, அதைப் பிரதி எடுத்து இன்னொருவர் காட்டினால்? அதற்காகத்தான் தனிச்சாவி. சான்றிதழுக்குள் இருப்பது பொதுச்சாவி, அதற்குச் சோடியான தனிச்சாவி சர்வரை விட்டு வெளியே போகாது. கைகுலுக்கலின்போது தன்னிடம் தனிச்சாவி இருப்பதை, சாவியைக் காட்டாமலே, ஒரு கையொப்பம் போட்டு சர்வர் நிரூபிக்கவேண்டும். ஆகவே சான்றிதழ் களவு போனால் பரவாயில்லை, தனிச்சாவி போனால்தான் போச்சு. அதை கிட் என்ற நிரல் களஞ்சியத்தில் ஏற்றிவிடாதீர்கள், ரெடிஸ் ஓடும் பயனர் மட்டும் வாசிக்கக்கூடியதாக அனுமதி வையுங்கள்.

சுருக்கமாக: தூள் மாற்றுவது மற்றவர்களுக்குக் கேட்காமல் செய்கிறது, சான்றிதழ் யாரோடு மாற்றுகிறோம் என்று சொல்கிறது. இரண்டாவது இல்லாமல் முதலாவதால் பயனில்லை.

சரிபார்ப்பை நிறுத்தும் அந்த ஒரு வரி

அநேகமாக எல்லா மொழிகளின் ரெடிஸ் நூலகங்களிலும் சான்றிதழ்ச் சரிபார்ப்பை அணைக்க ஒரு வழி இருக்கிறது. நோட்.ஜேஎஸ்ஸில் ஒரு பெயர், பைத்தனில் ஒரு பெயர், கட்டளை வரியில் "இன்செக்யூர்" என்று வெளிப்படையாகவே பெயர் வைத்த ஒரு தெரிவு. பிழைச் செய்தியைத் தேடினால் முதலில் கிடைக்கும் பதிலும் அநேகமாக இதுதான்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் பராமரித்த ஒரு முன்பதிவுத் தளத்தில் இது எங்களுக்கே நடந்தது. உள் சான்றளிப்பகம் அமைத்து, சான்றிதழ் 365 நாளுக்கு எழுதி, எல்லாம் வடிவாக ஓடிக்கொண்டிருந்தது. சரியாக ஒரு வருடம் கழித்து, நீண்ட விடுமுறைக்கு முதல் நாள் இரவு, ஆட்கள் ஊருக்கு வரப் பதிவுசெய்துகொண்டிருந்த நேரம், எல்லாச் செயலிகளும் ஒரேயடியாக ரெடிஸோடு இணைய மறுத்தன. சான்றிதழ் காலாவதி. புதியதை எழுதத் தெரிந்தவர் தொடர்பில் இல்லை. இரவு பதினொரு மணிக்குச் சரிபார்ப்பை அணைத்தோம், தளம் ஓடியது, நாளைக்குச் சரிசெய்வோம் என்று முடிவெடுத்தோம். நான்கு மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. அந்த நான்கு மாதமும் எங்கள் கண்காணிப்புத் திரையில் இணைப்பு டிஎல்எஸ் என்றே காட்டிக்கொண்டிருந்தது, அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

அதற்குப் பிறகு நான் செய்வது: சான்றிதழ் எழுதும் அன்றைக்கே புதுப்பிக்கும் நிரலையும் எழுதிவிடுவது, காலாவதிக்கு 30 நாளுக்கு முன் எச்சரிக்கை வரச் செய்வது. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களின் வழக்கமான ஆயுள் 90 நாள்தான், அதைக் கையால் புதுப்பிக்க நினைக்கவே கூடாது. புதிய சான்றிதழை வைத்த பிறகு ரெடிஸை நிறுத்தி ஓடவிடத் தேவையில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே அமைப்பை மாற்றும் கட்டளையால் சான்றிதழ்க் கோப்பை மறுபடி வாசிக்கச் சொல்லலாம்.

பிழை வந்தால் முதலில் செய்தியை முழுதாக வாசியுங்கள். பெயர் பொருந்தவில்லை என்றால், நீங்கள் ஐபி முகவரியால் இணைகிறீர்கள், சான்றிதழில் பெயர் மட்டும் இருக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று வந்தால் சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். கையொப்பமிட்டவரைத் தெரியாது என்றால் சான்றளிப்பகக் கோப்பைக் கொடுக்க மறந்துவிட்டீர்கள். மூன்றுமே பத்து நிமிட வேலை.

இரண்டு பக்கமும் அட்டை காட்டுவது

இணையத்தளங்களில் சர்வர் மட்டும்தான் சான்றிதழ் காட்டும். ரெடிஸில் டிஎல்எஸ் போட்டால் இயல்பாகவே இணைய வரும் செயலியிடமும் சான்றிதழ் கேட்கும். இதற்கு இருவழி டிஎல்எஸ் என்று பெயர். இணைய வருபவை உங்களுடைய சொந்தச் செயலிகள்தான் என்பதால் ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் கொடுப்பது கஷ்டமில்லை, முடிந்தால் அப்படியே விடுங்கள். சிலர் இதை அணைத்துவிட்டுக் கடவுச்சொல்லை மட்டும் வைக்கிறார்கள், சர்வர் பக்கச் சான்றிதழ் ஒழுங்காகச் சரிபார்க்கப்படுகிறது என்றால் அதுவும் ஏற்கக்கூடியதுதான்.

அதே 6ஆம் பதிப்பில் ஏசிஎல் என்ற அனுமதிப் பட்டியலும் வந்தது, எந்தப் பயனர் எந்தக் கட்டளைகளை, எந்தத் தரவுகளைத் தொடலாம் என்று எழுதிவைப்பது. அறிக்கை எடுக்கும் செயலிக்கு வாசிக்க மட்டும் அனுமதி போதும்.

அமைக்கும்போது வேலிப் பொட்டை மறக்கவேண்டாம்

டொக்கரின் அதிகாரபூர்வ இமேஜில் டிஎல்எஸ் சேர்ந்தே வருகிறது. மூலநிரலில் இருந்து நீங்களே கட்டினால் மட்டும் அதைச் சேர்த்துக் கட்டச் சொல்லவேண்டும். அமைப்புக் கோப்பில் மூன்று கோப்புகளின் இடத்தை எழுதுகிறீர்கள்: சர்வரின் சான்றிதழ், அதன் தனிச்சாவி, சான்றளிப்பகத்தின் சான்றிதழ். பிறகு டிஎல்எஸ் போர்ட் என்ற வரியில் இலக்கத்தைக் கொடுக்கிறீர்கள். அநேகமானவர்கள் இங்கே நிறுத்திவிடுகிறார்கள், ஏனென்றால் இணைத்துப் பார்த்தால் ஓடுகிறது.

எங்கள் ஊர் வளவுகளில் முன்னால் பெரிய இரும்புப் படலை போட்டுப் பூட்டியிருப்பார்கள், பின்வேலியில் பக்கத்து வீட்டுக்குப் போய்வர ஒரு பொட்டு, அதாவது நுழைந்துபோகும் இடைவெளி, இருக்கும். டிஎல்எஸ் போர்ட்டைத் திறந்ததால் பழைய சாதாரணப் போர்ட் தானாக மூடாது, இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். சாதாரணப் போர்ட் வரிக்கு 0 என்று கொடுத்தால்தான் அந்தப் பொட்டு அடைபடும். மாற்றும் காலத்தில் சில நாள் இரண்டையும் வைத்திருக்கலாம், எந்தத் திகதியில் அடைப்பது என்று எழுதிவைத்துக்கொண்டு.

இன்னொரு பொட்டு, பிரதி சர்வர். முதன்மை ரெடிஸ் தன் முழுத் தரவையும் பிரதிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும், அந்த வழிக்கு டிஎல்எஸ்ஸைத் தனியாக இயக்கவேண்டும், பல ரெடிஸ்கள் சேர்ந்து ஓடும் கிளஸ்டர் என்றால் அதற்கும் தனி வரி. செயலியின் இணைப்பு முகவரியில் ரெடிஸ் என்ற சொல்லின் முடிவில் இன்னொரு எஸ் சேர்க்கவேண்டும், எச்டிடிபிக்கு எஸ் சேர்ப்பது போல. ஒரு எழுத்து என்பதால் கண் தவறவிடும். டிஎல்எஸ் வழியில் போகும் தரவைத்தான் காக்கும், ரெடிஸ் வட்டில் எழுதும் காப்புப் பிரதியை அல்ல. அதற்கு வேறு ஏற்பாடு தேவை.

வேகம் குறையுமா?

குறையும், கொஞ்சம். ஆனால் செலவின் பெரும்பகுதி கைகுலுக்கலில்தான் இருக்கிறது, அது இணைப்புக்கு ஒருமுறை. ஒவ்வொரு கேள்விக்கும் புதிய இணைப்புத் திறந்து மூடும் செயலி டிஎல்எஸ்ஸில் கட்டாயம் மந்தமாகும், இணைப்புகளைத் திறந்தபடி வைத்துத் திரும்பத் திரும்பப் பாவித்தால் பெரிதாகத் தெரியாது. 1.3 பதிப்பில் கைகுலுக்கலுக்கு ஒரு போய்வரல் போதும், 1.2இல் இரண்டு. உங்கள் செயலியை வைத்து நீங்களே அளந்து பாருங்கள், மற்றவர்களின் அளவீடு உங்களுக்குப் பொருந்தாது.

தோற்கவேண்டியவை தோற்கின்றனவா

எல்லாம் முடிந்த பிறகு "இணைகிறதா" என்று மட்டும் பார்த்தால் போதாது. இணையக்கூடாதவை இணையாமல் போவதைக் கண்ணால் பார்க்கவேண்டும். பயிற்சிப் பெடியனோடு இருந்து நாங்கள் செய்தது இப்படி. முதலில் டிஎல்எஸ் இல்லாமல் 6379க்குப் போனோம், இணைப்பு அறுந்தது. பிறகு டிஎல்எஸ்ஸோடு, ஆனால் எங்கள் பக்கச் சான்றிதழ் இல்லாமல், அதுவும் அறுந்தது. மூன்றாவது, வேறொரு சான்றளிப்பகத்தின் கோப்பைக் கொடுத்துப் பார்த்தோம், சான்றிதழை நம்பமுடியாது என்று மறுத்தது. நான்காவது, செயலியின் வழியாக, சான்றிதழில் எழுதாத ஒரு பெயரால் அதே சர்வருக்குப் போனோம். அது இணைந்துவிட்டது. நூலகம் கையொப்பத்தைப் பார்த்தது, பெயரைப் பார்க்கவில்லை, அதற்கு வேறொரு அமைப்பு இருந்தது. அதை இயக்கி மறுபடி முயன்றபோது மறுத்தது. அதற்குப் பிறகுதான் சரியான பெயர், சரியான சான்றிதழ், சரியான கடவுச்சொல் எல்லாவற்றையும் கொடுத்து, ரெடிஸ் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் "பிங்" கட்டளையை அனுப்பச் சொன்னேன். "பாங்" என்று பதில் வந்தது.